தீட்டத் தீட்டத் தேயும்

தமிழில் கூர்மை என்றாலே அறிவுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கூர்மதி, கூரிய பார்வை, கூர்ந்து கேட்பது என்று மனம் சார்ந்த எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டோம். பள்ளி மேடையில் தொடங்கி வேலையிடத்துப் பயிற்சி அறை வரைக்கும் 'தீட்டிக்கொள்' என்ற அறிவுரையைக் கேட்காமல் இங்கே யாரும் முப்பது வயதைத் தொட முடியாது. புத்தியைத் தீட்டு, திறமையைத் தீட்டு, மொழியைத் தீட்டு. இப்படிச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் உண்மையில் ஓர் இரும்பை எடுத்துக் கல்லில் வைத்துத் தேய்த்திருப்பார்கள் என்று எனக்கொரு சந்தேகம் உண்டு. தேய்த்திருந்தால் அந்த உவமையை இவ்வளவு தாராளமாகப் புழங்க மாட்டார்கள்.

நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர். எங்களுக்கு நடக்கும் பயிற்சிகளில் இரண்டு கதைகள் தவறாமல் வரும். ஒன்று ஆபிரகாம் லிங்கனுடையது. மரம் வெட்டச் சில மணிநேரம் கொடுத்தால் பெரும்பகுதியைக் கோடரி தீட்டுவதற்கே செலவிடுவேன் என்று அவர் சொன்னதாகத் திரையில் காட்டுவார்கள். அவர் அப்படிச் சொன்னதற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் கிடையாது. இரண்டாவது, ஸ்டீஃபன் கோவி 1989இல் வெளியிட்ட ஏழு பழக்கங்கள் பற்றிய புகழ்பெற்ற நூலில் வரும் ஏழாவது பழக்கம். ஒருவன் மணிக்கணக்காக மரத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறான். 'ரம்பத்தைத் தீட்டிக்கொண்டு அறுக்கலாமே' என்றால், 'அறுக்கிற வேலையில் அதற்கெல்லாம் நேரமில்லை' என்கிறான். எல்லாரும் சிரிப்போம். பிறகு சனிக்கிழமை நடக்கும் சான்றிதழ் வகுப்புக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி ஒரு தாள் சுற்றிவரும்.

இரண்டு கதையிலும் தீட்டுவது முழுக்க லாபம். அதற்குப் போகும் விலை கொஞ்சம் நேரம் மட்டும்தான். கருவி புதிதாகிவிடுகிறது, ஆள் புத்துணர்ச்சி பெறுகிறான். ஆனால் நிஜமான தீட்டல் அப்படி நடப்பதில்லை. தீட்டுவது என்றால் தேய்ப்பது. தேய்ப்பது என்றால் கருவியில் ஒரு பகுதி போய்விட்டது என்று பொருள். உவமையைச் சொல்கிறவர்கள் மறந்துவிட்ட இந்த ஒரு விஷயத்தைத் திரும்ப உள்ளே வைத்தால் அந்த அறிவுரை என்னவாக மாறும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக, வாடகை அடுக்குமாடி வீட்டின் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் மரவேலை செய்கிறேன். மரம் பெரும்பாலும் ரப்பர் மரத் துண்டுகளும் தொழிற்சாலையில் கழித்துப்போடும் பேலட் பலகைகளும்தான். கருவி, ஹார்ட்வேர் கடையில் வாங்கிய நான்கு உளி, ஒரு பழைய இழைப்புளி. கடையிலிருந்து வரும் உளி கூராக இருப்பதில்லை. உளி வடிவத்தில் ஓர் இரும்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். அதைக் கருவியாக மாற்றுவது நம் வேலை.

உளியின் கூர் என்பது இரண்டு தளங்கள் சந்திக்கிற கோடு. ஒன்று முதுகு, மற்றது சரிவு. இரண்டும் வழவழப்பாகி, இடையில் எதுவும் மிஞ்சாமல் சந்தித்தால் அதுதான் கூர். அந்தச் சந்திப்பு உருண்டு போவதுதான் மழுங்கல். ஆகவே முதலில் முதுகின் முன்பகுதியைத் தட்டையாக்க வேண்டும். இதை ஒரு தடவை செய்தால் போதும், ஆனால் கை வலிக்கும். அதன் பிறகு சரிவு. 25 டிகிரியில் பெரிய சரிவு, அதன் நுனியில் மட்டும் 30 டிகிரியில் நூல் போல ஒரு சின்னச் சரிவு.

இதற்கு என்னிடம் இருப்பது கண்ணாடிக் கடையில் மேசைக்கு வெட்டியது போக மிஞ்சிய 6 மி.மீ. கண்ணாடி ஒன்று. கடைக்காரர் காசு வாங்கவில்லை. தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற கறுப்பு உப்புத்தாள் 240, 400, 800, 1200, 2000 என்று ஐந்து ரகம். இங்கே 'கெர்த்தாஸ் பாசிர்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். உளியைக் கவ்விப் பிடித்து உருளும் சின்னச் சக்கரம் வைத்த ஒரு பிடிப்பான். உளி அதிலிருந்து 40 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் 25 டிகிரி, 30 மி.மீ. என்றால் 30 டிகிரி. இந்த இரண்டு எண்ணையும் பலகையில் ஆணியடித்துக் குறித்து வைத்திருக்கிறேன், கோணமானி தேவையில்லை. கடைசியாக, பழைய தோல் பெல்ட்டை ஒரு மரத்துண்டில் ஒட்டி அதில் பச்சை மெருகு மெழுகைத் தடவியிருக்கிறேன். அந்தப் பச்சை, குரோமியம் ஆக்சைடு. எல்லாம் சேர்த்து 70 வெள்ளிக்குள் முடிந்தது.

ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்கத்தில் ஒரு பிசிர் எழும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரலை விளிம்பிலிருந்து வெளியே இழுத்தால் தட்டுப்படும். பிசிர் எழுந்தால்தான் தேய்த்தது நுனி வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அது எழாமல் அடுத்த தாளுக்குப் போவது வீண் வேலை. பிறகு சரிவிலும் முதுகிலும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிரை எடுத்துவிட வேண்டும். கடைசிப் பரிசோதனை விளக்கு வெளிச்சத்தில். உளியின் நுனியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், மழுங்கிய இடம் மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும். உருண்டிருப்பதால் அது ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கூரான விளிம்பில் திருப்புவதற்கு எதுவுமில்லை, அது தெரியவே தெரியாது. பயிற்சி அறைகளில் இதையும் சொல்லலாம்: மின்னினால் மழுங்கியிருக்கிறது.

இப்போது அந்தத் தாளைப் பாருங்கள். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் கறுத்துவிடும். 2000ஆம் எண் தாளின் மணிகள் சுமார் 10 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு மாதிரி. அவ்வளவு சின்ன மணிகளும் ஏதோ ஒன்றைச் சுரண்டி எடுத்திருக்கின்றன. அந்தக் கறுப்புத் தண்ணீர், சற்று முன்புவரை உளியாக இருந்த எஃகு. அதைத் துணியில் துடைத்துக் குப்பையில் போடுகிறோம்.

பொறியாளன் என்பதால் இதற்கொரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பயன்படுத்தக்கூடிய எஃகு 100 மி.மீ. நீளம். ஒரு தடவை தீட்டினால் 0.05 மி.மீ. போகிறது என்று வைத்துக்கொள்வோம். 2,000 தடவை தீட்டலாம். வாரத்துக்கு இரண்டு தடவை என்றால் ஏறக்குறைய 19 வருடம். அதற்குப் பிறகு பிடி மட்டும் மிஞ்சும். உளியை நன்றாகப் பராமரிக்கிறவன்தான் அதைத் தீர்த்தும் விடுகிறான். பெட்டியில் எண்ணெய் பூசிப் பத்திரமாக வைத்திருப்பவனின் உளி என்றைக்கும் முழுசாக இருக்கும்.

19 வருடம் என்று விடை வந்தபோது, சீனத் தத்துவ நூலான சுவாங் சூவில் வரும் சமையல்காரர் நினைவுக்கு வந்தார். மாடு அறுக்கிற அவருடைய கத்திக்கும் வயது 19. ஆயிரக்கணக்கான மாடுகளை அறுத்த பிறகும் அது இப்போதுதான் தீட்டுக்கல்லிலிருந்து எடுத்தது போல இருக்கிறதாம். எலும்பிலும் தசையிலும் மோதாமல் மூட்டுகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் மட்டும் கத்தியை ஓட்டுவதால் அது தேய்வதே இல்லை. அழகான கதை. வாழ்க்கையை எப்படி நடத்துவது என்று அரசர் அதிலிருந்து கற்றுக்கொள்கிறார். ஆனால் மரவேலை செய்கிறவனுக்கு அந்த வெற்றிடம் கிடைப்பதில்லை. மரத்தில் மூட்டு இல்லை, இழைதான் இருக்கிறது. வெள்ளை மெரந்தி போன்ற மரங்களில் சிலிக்கா வேறு இருக்கிறது. அதாவது மரத்துக்குள்ளேயே மணல். வெட்டினால் மழுங்கும், மழுங்கினால் தீட்ட வேண்டும், தீட்டினால் தேயும். நம்மில் பெரும்பாலானவர்களின் வேலையும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். எதிலும் மோதாமல் நழுவிப் போகிற வாழ்க்கை அமைந்தவர்கள் சமையல்காரரைப் பின்பற்றட்டும்.

தீட்டுவது செலவு என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி தானாக வருகிறது. எவ்வளவு தீட்டினால் போதும்?

காணொளிகளில் இந்தக் கேள்விக்கு முடிவே கிடையாது. 2000க்குப் பிறகு 3000, பிறகு 8000, பிறகு வைரப் பசை. உளியின் முதுகில் முகம் தெரியும்வரை மெருகேற்றுவார்கள். முழங்கை முடியை மழித்துக் காட்டுவார்கள். போன வருடம் என் பாட்டி எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது நான் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு மணிநேரம் கழித்து, "போதும்யா. அதுல மொகம் பாக்கவா போற?" என்றார். அவருக்கு 78 வயது. கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மரம் சீவியவர். அந்தத் தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது.

பாட்டி கேட்டதைப் பொறியியல் மொழியிலும் கேட்கலாம். கடைசல் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாடாங் செராயில் நண்பர் ஒருவர் வீட்டு வாசலில் லேத் வைத்து மரக் கிண்ணம் கடைகிறார். 30 செ.மீ. விட்டமுள்ள கிண்ணம் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால், அதன் ஓரம் ஒரு நிமிடத்தில் 940 மீட்டர் ஓடும். அதாவது ஒரே நிமிடத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் மரம் உளியின் நுனியை உரசிக்கொண்டு போகிறது. கண்ணாடி மாதிரி மெருகேற்றிய கூர் அங்கே சில நிமிடம்கூடத் தாங்காது. அதனால்தான் கடைசல்காரர்கள் பலர் கிரைண்டரிலிருந்து எடுத்த கையோடு வேலைக்குப் போகிறார்கள். மழுங்கினால் மறுபடியும் கிரைண்டர், அரை நிமிட வேலை. நண்பருடைய உளிகள் ஹைஸ்பீட் ஸ்டீல், கிரைண்டர் சூட்டைத் தாங்கும். என்னுடைய சாதாரணக் கார்பன் எஃகு உளியை அப்படி வைத்தால் நுனியில் நீலம் பாய்ந்து கடினம் போய்விடும்.

பிசிர் விஷயமும் அப்படித்தான். உளியில் பிசிர் இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். ஆனால் கடைசலில் 'ஸ்கிரேப்பர்' என்று ஒரு கருவி உண்டு. அதில் கிரைண்டர் எழுப்பிவிட்ட பிசிரேதான் வெட்டும். ஒரு கருவியில் குறையாக இருப்பது இன்னொன்றில் அதன் உயிர். ஆக, கூர்மைக்கு வேலையை விட்டுத் தனியாக ஓர் அளவு கிடையாது. 'ரொம்பக் கூர்' என்று சொன்னால் 'எதற்கு?' என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மறுப்பு ஒன்று வரும், நியாயமான மறுப்பு. தீட்டுவதையே கலையாகச் செய்கிறவர்கள் இல்லையா? ஜப்பானில் கெசுரோ-காய் என்று கூடி, இழைப்புளியால் எவ்வளவு மெல்லிய சுருள் எடுக்க முடியும் என்று போட்டி போடுகிறார்கள். 10 மைக்ரானுக்கும் குறைவான சுருள்கள். அந்தச் சுருளால் ஒரு வீட்டுப் பயனும் இல்லை. அதற்காகக் கல்லில் பல மணிநேரம் போகிறது. இதை வீண் என்று சொல்ல முடியுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களும் கடைசியில் மரத்திடம்தான் போய் நிற்கிறார்கள். கூர் எப்படி என்று அந்தச் சுருள்தான் சொல்கிறது. எனக்குச் சிக்கலாகப் படுவது, மரத்தைத் தொடாமலே தீட்டிக்கொண்டிருக்கும் நிலை. அங்கே 'போதும்' என்று சொல்ல ஆளே இல்லை. கல் அதைச் சொல்லாது. கல்லுக்கு எஃகு இருக்கும்வரை வேலை இருக்கிறது.

'எதற்கு?' என்று கேட்டால் போதும் என்றுதான் நானும் கொஞ்ச காலம் நினைத்திருந்தேன். பாட்டியிடம் அவருடைய கத்தியைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கேள்விக்கு இன்னொரு பாதி இருப்பது தெரிந்தது.

ரப்பர் மரத்தில் பால் எடுக்கிற முறைக்கு ஒரு வரலாறு உண்டு. பிரேசிலில் சின்னக் கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி 1890களில் வேறொரு வழி கண்டார். ஒரே வெட்டின் விளிம்பில் திரும்பத் திரும்ப மெல்லியதாகப் பட்டையைச் சீவினால் மரமும் சாகாது, பாலும் தொடர்ந்து வரும். மலாயாவின் ரப்பர் முழுக்க அந்த முறையின் மேல்தான் எழுந்தது. சீவும் பட்டையின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பால் குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கு ஒட்டினாற்போல் மரத்தை வளர வைக்கும் மெல்லிய படலம். அதிலிருந்து சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் கத்தி நிற்க வேண்டும். படலத்தில் பட்டால் காயம். ஆறினாலும் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அதில் ஒழுங்காகச் சீவ முடியாது.

பொதுவாக ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 மரம். ஒரு மரத்தில் வெட்டு 30 செ.மீ. என்று வைத்தால் ஒரு காலைக்கு 150 மீட்டர் பட்டை. என் நண்பரின் லேத்தில் அது பத்து விநாடிக் கணக்கு. நீளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பாட்டியின் கத்திக்கு அவ்வளவு கூர் தேவையே இல்லை. ஆனால் விடியும் முன்னே தலைவிளக்கு வெளிச்சத்தில், உயிருள்ள ஒன்றின் மேல், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் அந்தக் கத்தி ஓடுகிறது. மழுங்கிய கத்தியைத் தள்ள பலம் வேண்டும். பலம் போட்டால் கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. "மொண்டக் கத்தின்னா மரம் அழுவும்யா," என்றார் பாட்டி. பால் வடிவதைச் சொல்லவில்லை, காயத்தைச் சொன்னார். நண்பருடைய உளி வழுக்கினால் ஒரு கிண்ணம் கெடும். பாட்டியின் கத்தி வழுக்கினால் பல வருடம் பால் தர வேண்டிய மரம் கெடும், மண்டோரிடம் அவர் வசவும் வாங்குவார்.

எனவே எவ்வளவு கூர் வேண்டும் என்பதை வேலை மட்டும் தீர்மானிப்பதில்லை. கை தவறினால் காயப்படப்போவது எது, யார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. மழுங்கலின் விலையை ஏதோ ஓர் உடம்பு கொடுக்கிறது. சில நேரம் மரத்தின் உடம்பு, சில நேரம் தள்ளுகிறவரின் தோள்பட்டை. மழுங்கிய உளிதான் அதிக ஆபத்து என்று மரவேலைக்காரர்கள் சொல்வதும் இதனால்தான். தீட்டாமல் இருப்பது சிக்கனம் ஆகாது, அது செலவை வேறொருவர் தலையில் கட்டுவது.

ஆனால் தீட்டுகிற செலவு யார் தலையில்? பாட்டியின் கத்தி தோட்டத்துடையது. தீட்டுக்கல் பாட்டியுடையது. கத்தியின் உள்வளைவுக்குள் போகிற மாதிரி ஒடுக்கமான கல் ஒன்றும் வைத்திருந்தாராம். சாயந்திரம் சமைத்து முடித்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு லயத்து வாசலில் உட்கார்ந்து தீட்டுவார். "அதுக்குச் சம்பளம் உண்டா பாட்டி?" என்று கேட்டேன். சிரித்தார். பெரட்டுக்குப் போய் நின்ற பிறகுதான் வேலை நேரம். பால் நிறுத்தால்தான் கணக்கு. கத்தி தானாகக் கூராகிவிடும் என்பது போலத்தான் செக்ரோல் புத்தகம் எழுதப்பட்டது. ரிட்லியின் பெயர் வரலாற்றில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். அந்த முறை நாள்தோறும் நடப்பதற்குத் தேவையான கூரை வாசலில் உட்கார்ந்து உண்டாக்கியவர்களின் மாலை நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை.

இதை என் வேலையோடு வைத்துப் பார்க்கிறேன். தொழிற்சாலையில் நான் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பராமரிப்பு அட்டவணை இருக்கிறது. எத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும், எந்தப் பாகம் எத்தனை மாதத்தில் தேயும், புதுப் பாகத்துக்கு எவ்வளவு, நிறுத்தியிருக்கும் நேரத்தில் எவ்வளவு இழப்பு, எல்லாம் எழுதியிருக்கும். இயந்திரம் தேயும் என்பதை யாரும் அதன் ஒழுக்கக் குறைவாகப் பார்ப்பதில்லை. அதை நிறுத்திச் சரிபார்க்கும் நேரம் நிறுவனத்தின் நேரம். அதே கட்டடத்தில் மனிதர்களுக்கு மட்டும் ரம்பக் கதை சொல்லப்படுகிறது. உன்னை நீ தீட்டிக்கொள், உன் சனிக்கிழமையில், முடிந்தால் உன் காசில். இயந்திரத்துக்குத் தேய்மானம் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் கணக்கு, மனிதருக்கு வரும்போது தீட்டல் முழுக்க லாபம் என்கிறது. அந்தக் கதையில் ரம்பம் தேய்வதில்லை என்பது தற்செயலாக விட்டுப்போன விவரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

படிக்கவே கூடாது, பயிற்சியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மழுங்கிப்போன பொறியாளர் பராமரிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் கைதான் ஆபத்தில் இருக்கிறது. அதற்காக நான் தீட்டிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தீட்டச் சொல்கிறவர் எதை வெட்டப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். தேய்கிற எஃகு என்னுடையது என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் 'தீட்டிக்கொண்டே இரு' என்றால், ஒருநாள் பிடி மட்டும்தான் மிஞ்சும்.

சிக்கனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் குறைந்த செலவில் தீட்டுவதை நாம் சுலபமாகப் புனிதமாக்கிவிடுவோம். உப்புத்தாள் முறை தொடங்குவதற்கு மலிவு, தொடர்வதற்கு மலிவு இல்லை. தாள் கிழியும், தேயும். மாதத்துக்கு ஐந்து தாள், தாளுக்கு 2 வெள்ளி என்றால் பதினைந்து மாதத்தில் 150 வெள்ளி. அந்தக் காசுக்கு, பல வருடம் உழைக்கும் வைரத் தகடு ஒன்றை வாங்கியிருக்கலாம். ஆனால் அந்த 150 வெள்ளி மொத்தமாக முதல் நாளே கையில் இருக்க வேண்டும். கையில் மொத்தக் காசு இல்லாதவர் சில்லறைச் சில்லறையாக அதிகம் கொடுக்கிறார். லயத்தில் கடைக் கணக்கில் அரிசி வாங்கியவர்களுக்கு இது தெரிந்த சமாச்சாரம். எனவே என் கண்ணாடித் துண்டையும் பெல்ட்டையும் எளிமையின் அடையாளமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சேர்த்து வைத்துத் தகடு வாங்குவதுதான் சரியான கணக்கு, நான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் எழுதுகிறவர்கள். நாம் எழுத்துப் பயிற்சி முகாமுக்குப் 'பட்டறை' என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். நானும் இரண்டு பட்டறைகளுக்குப் போயிருக்கிறேன், நன்றாகவே இருந்தன. ஆனால் நான்கு வருடமாகப் பட்டறைக்கு மட்டும் போகும் நண்பர்களையும் தெரியும். கதை நுணுக்கம் எல்லாம் பேசுவார்கள். கையில் ஒரு கதை இருக்காது. கேட்டால், "இன்னும் கொஞ்சம் படிச்சிட்டு எழுதலாம்லா" என்பார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, நம்மைவிட அதிகம் படிக்கிறவர்கள். அவர்களிடம் போதும் என்று சொல்லும் மரம் இல்லை, அவ்வளவுதான். ஒரு மோசமான கதையை எழுதத் தொடங்கினால் தங்களுக்கு எந்த இடத்தில் கூர் போதவில்லை என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஓர் இடத்தை மட்டும் தீட்டினால் போதும். உளியின் நுனியில் மட்டும் 30 டிகிரியில் சின்னச் சரிவு வைப்பது அதற்காகத்தான். முழுச் சரிவையும் ஒவ்வொரு தடவையும் தேய்த்துக்கொண்டிருந்தால் எஃகும் வீண், சாயந்திரமும் வீண்.

நான் இப்போது வைத்திருக்கும் பழக்கம் இது. மேசையில் மரத்தைக் குறித்து, கவ்வியில் பிடித்து, எங்கே வெட்டப்போகிறேன் என்று பென்சிலால் கோடு போட்ட பிறகுதான் உளியைத் தீட்ட எடுக்கிறேன். கோடு இல்லாத நாளில் தீட்டுவதில்லை, கை எவ்வளவு துறுதுறுத்தாலும். தீட்டி முடித்ததும் முடியை மழித்துப் பார்ப்பதில்லை. அதே மரத்தின் ஒரு துண்டில், இழையின் குறுக்கே, ஒரு சீவல் எடுத்துப் பார்க்கிறேன். வெட்டிய இடம் நொறுங்காமல் வழவழவென்று இருந்தால் அன்றைக்கு அது போதும்.

இப்போது கவ்வியில் இருப்பது ரப்பர் மரம். பால் வற்றிய மரங்களை இருபத்தைந்து முப்பது வருடத்தில் வெட்டிவிடுவார்கள். பூச்சி அரிக்காமல் போரான் மருந்து ஏற்றி, மூவார் பக்கம் நாற்காலியும் மேசையுமாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். மிஞ்சுகிற துண்டுகள் என்னைப் போன்றவர்களுக்கு. பாட்டிக்குத் தரையில் உட்கார்ந்து எழ முடியவில்லை, அவர் உயரத்துக்கு ஒரு முக்காலி செய்கிறேன். மூன்று காலுக்கும் துளை போட்டாயிற்று. இரண்டாவது துளையிலேயே உளி மழுங்கத் தொடங்கிவிட்டது. மூன்றாவதை முடித்துவிட்டுத் தீட்டலாமா, இப்போதே தீட்டலாமா என்று யோசித்தேன். உட்காரப் போகிறவர் யார் என்று நினைத்துப் பார்த்தேன், இப்போதே தீட்டினேன். நான்கு நிமிடம் ஆனது.